பச்சைத் துணிக்கு முன்னால் பச்சை ஸ்டோல்

கேள்வி: ஒடுகத்தூர் பக்கத்தில் எங்கள் சேகரம். தாய்ச்சபையோடு நான்கு கிளைச்சபைகள், அதில் ஒன்று ஜவ்வாது மலைமேல். அங்கே ஆயர் மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் போக முடிகிறது. மற்ற ஞாயிறுகளில் ஆராதனையை நேரலையில் அனுப்ப நினைக்கிறோம். பச்சைத் துணி கட்டி வர்ச்சுவல் ஸ்டுடியோ போட்டு, பின்னணியில் வேலூர் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் கோயிலைக் காட்டலாம் என்கிறார்கள் வாலிபர்கள். ஒரு லேப்டாப்பும் நல்ல போன் ஒன்றும் இருக்கின்றன. செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் ஞாயிறு ஆராதனைக்கு வேண்டாம். ஆராதனையைக் கோயிலில் நடப்பது நடக்கிறபடியே காட்டுங்கள். திருவிருந்து நேரத்தில் பீடமே பொய்யாக இருந்தால் பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? வாரநாள் வேதபாடம், ஓய்வுநாள் பள்ளிக் கதை, சேகர அறிவிப்பு, இவற்றையெல்லாம் ஒரு சின்ன அறையில் எடுப்பீர்கள் அல்லவா, வர்ச்சுவல் ஸ்டுடியோ அங்கேதான் கைகொடுக்கும். பெயிண்ட் உரிந்த சுவரும் அடுக்கி வைத்த நாற்காலியும் மறைந்துவிடும்.

கோட்டைக் கோயில் பின்னணியும் வேண்டாம். 1846-இல் கட்டிய கோயில், அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் ஜனங்களுக்கு உங்கள் பீடம் எது என்று தெரியும். சாயங்காலம் கூட்டம் இல்லாத நேரத்தில் உங்கள் கோயிலையே ஒரு படம் எடுங்கள். அறையில் ஆயரை எடுக்கும்போது கேமரா எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் படத்தையும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆயர் தரையில் கால் படாமல் மிதப்பார்.

டிவி சேனல்களில் கேமரா அசைய அசையப் பின்னணியும் சேர்ந்து அசைகிறதே, அதற்கு கேமராவின் அசைவை அளக்கும் கருவிகள் தேவை. உங்களுக்கு அது தேவையே இல்லை. ஸ்டாண்டில் அசையாமல் நிற்கும் ஒரு போன், ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருள், அதில் 'குரோமா கீ' என்ற வடிகட்டி, இவ்வளவு போதும். பச்சை நிறம் எங்கே இருந்தாலும் அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் படத்தைக் காட்டுவதுதான் இதன் வேலை. பச்சை *எங்கே இருந்தாலும்*. இந்த வார்த்தையில்தான் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு சபையில் எல்லாம் கட்டி முடித்து, கட்டம் போட்ட சட்டை போட்ட தம்பி ஒருவரை நிற்க வைத்து ஒத்திகை பார்த்தோம். அருமையாக வந்தது. மறுநாள் ஆயர் வெள்ளை அங்கியும், கழுத்திலிருந்து தொங்கும் நீளப் பட்டையான ஸ்டோலைப் பச்சையிலும் அணிந்து வந்து நின்றார். பெந்தெகொஸ்தேக்குப் பிறகு மாதக்கணக்கில் ஓடும் காலத்துக்கு ஸ்டோல் பச்சைதானே! திரையில் பார்த்தால் கழுத்திலிருந்து முழங்கால் வரை இரண்டு பட்டையாக ஆயரைக் காணோம். அந்த இடத்தில் கோயில் ஜன்னல் தெரிந்தது. வெள்ளை அங்கி இன்னொரு வம்பு. துணியில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை வெள்ளை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஓரமெல்லாம் பச்சைச் சாயம் ஏறி அரித்தது போல் இருந்தது.

அதனால் நீங்கள் நீலத் துணியே வாங்குங்கள். வேலூர் லாங்கு பஜாரில் கேட்டால் கிடைக்கும். மினுங்கும் சாட்டின் வேண்டாம், மங்கலான பருத்தி போதும். நீலத்தை அழிக்கவும் அந்த வடிகட்டியிலேயே வழி இருக்கிறது. நீலப் புடவை கட்டி வேதபாடம் வாசிக்க வரும் அக்காவிடம் மட்டும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். துணியை இஸ்திரி போட்டு இழுத்துக் கட்டுங்கள். சுருக்கம் விழுந்தால் நிழல் விழும், நிழல் விழுந்தால் அந்த இடத்தில் நிறம் சரியாக அழியாது. ஆள் துணியிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி நிற்க வேண்டும். துணிக்கு இரண்டு விளக்கு, ஆளுக்கு வேறு விளக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் போன் கேமராவில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் டியூப்லைட் படபடக்காது.

அப்புறம் ஃபேன். வேலூர் வெயிலில் ஃபேன் இல்லாமல் யார் பேசுவது? ஆனால் ஃபேன் ஓடினால் துணி ஆடும், மைக்கில் இரைச்சல் விழும். படப்பிடிப்பை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை.

இப்போது ஞாயிறு நேரலைக்கு வருவோம். இதில் உங்கள் பணத்தையும் கவனத்தையும் முதலில் வாங்கிக்கொள்ள வேண்டியது ஒலி. படம் கொஞ்சம் மங்கினால் மன்னிப்பார்கள், பிரசங்கம் கேட்காவிட்டால் போனை அணைத்துவிடுவார்கள். போனில் இருக்கும் மைக்கை நம்பாதீர்கள். மிக்சரின் ஆக்ஸ் அவுட்டிலிருந்து (ஸ்பீக்கருக்குப் போகாத தனிக் கலவையை வெளியே எடுக்கும் துளை) ஒரு வயர் எடுத்து, சின்ன யுஎஸ்பி ஆடியோ பெட்டி வழியாக லேப்டாப்புக்குக் கொடுங்கள். கோயிலுக்குள் ஸ்பீக்கரில் கேட்கும் கலவையையே அனுப்பினால் சரிவராது. தபேலா நேராகவே காதில் விழுகிறது என்று மிக்சரில் அதைக் குறைத்து வைத்திருப்பார்கள். நேரலையில் அது இருக்கவே இருக்காது. சபையார் பாடுவதும் அப்படித்தான். மேலே ஒரு மைக்கை ஜனங்கள் பக்கம் திருப்பித் தொங்கவிட்டு, நேரலைக்கு மட்டும் சேருங்கள். வீட்டில் படுத்திருக்கும் ஒரு பாட்டிக்கு, நூறு பேர் சேர்ந்து பாமாலை பாடுவது காதில் விழ வேண்டும், அதுதானே விஷயம்.

ஒலி முந்தி, உதடு பிந்தி வந்தால் கேமரா முன்னால் ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். ஓபிஎஸ்ஸில் 'சிங்க் ஆஃப்செட்' என்ற இடத்தில் 150 மில்லிசெகண்ட் போட்டுத் தொடங்கி, தட்டும் சத்தமும் கையும் சேரும் வரை மாற்றுங்கள். பாட்டு வரிகளைத் திரையில் போடுவதானால், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துகள்தான் கொட்டும். கடையில் வாங்கிய டிராக்கை ஓட்டிப் பாடினால் யூடியூப் உரிமைப் புகார் போட வாய்ப்புண்டு; உங்கள் கீபோர்டுக்காரரே வாசிக்கட்டும். புதுச் சேனலில் நேரலை வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், சனிக்கிழமை இரவு உட்கார்ந்து தொடங்காதீர்கள்.

படத்தின் தரம் 720பி போதும். நொடிக்கு 2500 கிலோபிட் என்று வையுங்கள். அப்லோடு வேகம் அதைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். இங்கே ஒரு கணக்கு. அந்த அளவில் ஒன்றரை மணி நேரம் பார்த்தால் பார்ப்பவருக்கு ஏறக்குறைய 1.7 ஜிபி செலவு. தினம் 1.5 ஜிபி பேக் போட்டிருப்பவருக்கு ஆசீர்வாதம் சொல்வதற்கு முன்பே டேட்டா தீர்ந்துவிடும். யூடியூப் தானே குறைந்த தரங்களையும் தரும், 480பி-க்கு மாற்றிப் பார்க்கச் சொல்லி அறிவிப்பிலேயே சேருங்கள்.

மலைச்சபைக்கு இதுவும் உதவாது. சிக்னல் ஒரு பாறை மேல் வரும், அடுத்த வளைவில் போய்விடும். அவர்களுக்குக் காணொளியே வேண்டாம். ஆயர் வியாழக்கிழமை அந்த அறையில் உட்கார்ந்து ஒரு செய்தி பேசட்டும், அதன் ஒலியை மட்டும் தனியாகச் சேமியுங்கள். 64 கிலோபிட்டில் ஒன்றரை மணி நேரமே 43 எம்பிதான் வரும், அரை மணிச் செய்தி 15 எம்பிக்குள் அடங்கிவிடும். உபதேசியார் சனிக்கிழமை சந்தைக்கு இறங்கும்போது போனில் இறக்கிக்கொண்டு, ஞாயிறு காலை கோயில் ஸ்பீக்கரில் மாட்டிவிடுவார். ஜெபத்தையும் பாட்டையும் அவரே நடத்தட்டும், நேரில்.