புகைப்பவருக்கு மட்டும்தான் இடைவேளையா?

கேள்வி: தொழிற்சாலை ஒன்றின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். புகைப்பழக்கத்தைக் கைவிடுவது பற்றிச் சென்ற ஆண்டு ஒரு மருத்துவரைப் பேச வைத்தோம். சுவரொட்டிகளும் ஒட்டினோம். 30 பேர் பெயர் கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் ஒருவரைத் தவிர அனைவரும் பழையபடி புகைக்கிறார்கள். இனி அபராதம்தான் என்கிறார் மேலாளர். ஆலை மருத்துவராக இருந்தவர் நீங்கள். இது சரிவருமா, டாக்டர்?

பதில்: சரிவராது. அபராதம் போட்டால் சிகரெட் நிற்காது, கழிப்பறைக்குள் போய்விடும்.

சுவரொட்டிப் பாவத்தை நானும் செய்திருக்கிறேன். கறுத்துப்போன நுரையீரல் படத்தைக் கிடங்கின் பின்சுவரில் மாட்டினேன். மறுநாள் அதற்கு நேர் கீழே நின்று ஒருவர் பற்றவைத்துக்கொண்டிருந்தார். “நிழல் இங்கேதானே இருக்கிறது, டாக்டர்” என்றார்.

பிறகு சில நாட்கள் அங்கேயே போய் அவர்களோடு நின்றேன், இருமிக்கொண்டே. அப்போதுதான் விளங்கியது. ஷிப்டுக்கு நடுவே 10 நிமிடம் வெளியே போக மேற்பார்வையாளர் தலையசைத்தது சிகரெட்டுக்கு மட்டும்தான். சும்மா காற்று வாங்கிவருகிறேன் என்றால் முறைப்பார். சிகரெட்டை விட்டவருக்கு அந்த 10 நிமிடமும் போயிற்று, கூட நின்று பேசுகிற ஆட்களும் போயிற்று. புகைக்காதவருக்கும் அதே இடைவேளையை எழுத்தில் கொடுங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்டேன். முணுமுணுத்துவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

அடுத்தது மருந்து. நிறுத்திய இரண்டாம், மூன்றாம் நாளில்தான் எரிச்சலும் தவிப்பும் உச்சத்துக்குப் போகும். அந்த வாரம் பார்த்து அவரை இரவு ஷிப்டுக்கு மாற்றிவிடாதீர்கள்! தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை நாள் முழுவதும் சீராகத் தாங்கும். திடீரென்று எழும் ஆசைக்கு நிக்கோட்டின் சூயிங்கம். ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட இரண்டும் சேர்ந்தால் பலன் கூடுதல். விழித்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைத் தேடுபவருக்கு 4 மி.கி. சூயிங்கம், மற்றவருக்கு 2 மி.கி. விடாமல் மென்றால் விக்கல்தான் மிச்சம். காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தோரம் ஒதுக்கிவைக்க வேண்டும். எங்கள் செவிலியர் இதை மென்றுகாட்டியே சொல்லிக்கொடுத்தார். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். காபியையும் குறைக்கச் சொல்லுங்கள். புகைப்பவர் உடல் காஃபினை வேகமாக வெளியேற்றும். நிறுத்தியபின் அதே அளவு காபி படபடப்பைக் கொடுக்கும், பழி சிகரெட் இல்லாததன்மேல் விழும்.

அபராதத்தில் உங்கள் மேலாளருக்கு இருக்கும் உற்சாகத்தைப் பரிசின் பக்கம் திருப்பிவிடுங்கள். அமெரிக்காவில் ஒரு பெருநிறுவனத்தின் 878 ஊழியர்களிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், பரிசுப் பணம் பெற்ற குழுவில் ஏறக்குறைய ஓராண்டு கழித்து 14.7 சதவீதம் பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். வெறும் தகவல் மட்டும் பெற்ற குழுவில் 5 சதவீதம். பணம் கொடுத்தும் அவ்வளவுதான்! பேச்சும் சுவரொட்டியும் மட்டும் வைத்துக்கொண்டு 30க்கு ஒருவரைப் பெற்றதற்கு வெட்கப்பட வேண்டாம். பரிசு என்றால் பரிசோதனையும் வேண்டும். கோட்டினின் என்பது உடலுக்குள் நிக்கோட்டின் மாறி உண்டாகும் பொருள்; அதைத் தேடும் சோதனை, பட்டை ஒட்டியிருப்பவரையும் புகைப்பவராகவே காட்டும். பாவம், அவரை அவமானப்படுத்தாதீர்கள். ஊதிப் பார்க்கும் கார்பன் மோனாக்சைடு கருவி போதும், அது அண்மையில் பிடித்ததை மட்டுமே காட்டும் என்றாலும்.

அந்த 29 பேரின் பட்டியல் இன்னும் இருக்கிறதா? மறுபடி கூப்பிடுங்கள். நிழலில் நின்றவர் ஆறாவது முறைதான் விட்டார்.