மூளையே இல்லாத ஜெல்லி மீனைத் தொட்டியில் வளர்த்தால் என்ன தவறு?

கேள்வி இதுதான்: "ஜெல்லி மீனுக்கு மூளை கிடையாது, வலி தெரியாது என்கிறார்கள். அப்படியானால் வீட்டுத் தொட்டியில் வளர்ப்பதில் என்ன தப்பு இருக்கிறது?"

ஒன்றரை வருடம் நிலா ஜெல்லி என்ற வகையை வளர்த்தவன் என்ற தகுதியில் பதில் எழுதுகிறேன். தப்புத்தப்பாக வளர்த்தவன் என்று சொன்னால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

மூளை இல்லை என்பது உண்மைதான். இதயம் இல்லை, எலும்பு இல்லை, உடம்பில் 95 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஆனால் நரம்பு இருக்கிறது, வலை பின்னியதுபோல் உடம்பு முழுக்கப் பரவி. குடைபோல் விரிந்த உடம்பின் விளிம்பில் சின்னச் சின்னப் புலன் உறுப்புகள் (நிலா ஜெல்லிக்குப் பொதுவாக 8) இருக்கின்றன, வெளிச்சம் எந்தப் பக்கம், மேல் எது கீழ் எது என்பதையெல்லாம் அவற்றை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. கேசியோபியா என்று ஒரு வகை உண்டு, தலைகீழாகத் தரையில் படுத்துக் கிடக்கும். அது இரவில், குடையைச் சுருக்கி விரிக்கிற துடிப்பைக் குறைத்துக்கொண்டு தூக்கம் போன்ற ஒரு நிலைக்குப் போகிறது, ராத்திரி தூங்கவிடாமல் கெடுத்தால் மறுநாள் சோர்ந்துவிடுகிறது என்று 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. 2023-ல் இன்னொன்று: விரல் நுனி அளவுகூட இல்லாத கரீபியன் பெட்டி ஜெல்லி, சில தடவை தொட்டிச் சுவரில் முட்டிக்கொண்ட பிறகு, முட்டாமல் விலகக் கற்றுக்கொள்கிறது. அதற்காக வலி தெரியும் என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் 2022-ல் வந்த விலங்கு உணர்வுச் சட்டம்கூட ஆக்டோபஸ், நண்டு, இறால் வரைக்கும் சேர்த்துக்கொண்டு ஜெல்லியை விட்டுவிட்டது.

இந்த விவாதத்தில் எனக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. வலி தெரியுமோ தெரியாதோ, அந்த உடம்பு நன்றாக இருப்பதும் உண்டு, சீரழிவதும் உண்டு. சிக்கல் என்னவென்றால் பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஏனென்றால் இரண்டு நிலையிலும் அது அழகாகத் துடித்துக்கொண்டே இருக்கும்.

பட்டினியை எடுத்துக்கொள்ளுங்கள். பசித்தால் நாய் தட்டை உருட்டும், மீன்கூட ஆள் நிழல் பட்டதும் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஜெல்லி சுருங்கும், அவ்வளவுதான். தன் உடம்பையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துச் செலவழித்துச் சிறுத்துக்கொண்டே போகும், ஆனால் வடிவம் பெரிதாகக் கெடாது, துடிப்பும் நிற்காது. என்னிடம் மூன்று வந்தன, ஒவ்வொன்றும் உள்ளங்கையில் பாதி அகலம். மூன்றாவது மாதம் வீட்டுக்கு வந்த நண்பன் தொட்டியைப் பார்த்துவிட்டு, "பழசெல்லாம் போயிடுச்சா, குட்டி வாங்கியிருக்கே?" என்று கேட்டான். தினமும் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவே இல்லை. போனில் இருந்த முதல் நாள் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது: அதே மூன்றுதான், பாதியாகிவிட்டிருந்தன. இரண்டு நாளைக்கு ஒரு தடவை உறைய வைத்த தீனியைக் கொஞ்சம் கரைத்து ஊற்றிவிட்டு, நன்றாகத்தான் வளர்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் ஆர்டிமியா என்ற குட்டி உப்புநீர் இறாலின் முட்டை வாங்கி உப்புத்தண்ணீரில் போட்டு, ஒரு நாள் கழித்துப் பொரிந்து வரும் குஞ்சுகளை உயிரோடு கொடுக்க ஆரம்பித்தேன், காலையும் மாலையும். தின்றால் வயிற்றுப் பகுதி ஆரஞ்சு நிறமாகும், கண்ணாடிபோன்ற உடம்பு என்பதால் வெளியிலிருந்தே தெரியும். சரி, நிறையக் கொட்டலாமா என்றால் அதுவும் கூடாது, மிச்சம் அழுகி அம்மோனியா ஏறும். ஒன்றரை வருடமும் விடுமுறைக்கு எங்கேயும் நிம்மதியாகப் போக முடிந்ததில்லை.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேசை மேல் வைக்கிற குட்டித் தொட்டியை விற்கும்போது, "தொட்டிக்குத் தகுந்த அளவிலேயே இருக்கும், பெரிதாக வளராது" என்று ஒரு வசனம் சொல்வார்கள். கடலில் நிலா ஜெல்லி 30, 40 சென்டிமீட்டர் அகலம் வரை வளரும். சின்னத் தொட்டியில் வளராமல் இருக்கிறது என்றால் அளந்து அளந்து குறைவாகத் தீனி போடுகிறோம் என்றுதான் அர்த்தம். நீங்கள் கேட்ட கேள்வியில் எனக்கு உண்மையாகவே உறுத்துகிற இடம் இதுதான்.

தொட்டியின் வடிவமும் சும்மா அழகுக்கு இல்லை. திறந்த கடலில் தண்ணீரோடு போகிற பிராணி அது, சுவர் என்று ஒன்றைக் கண்டதே கிடையாது. சதுரத் தொட்டியில் விட்டால் மூலையில் போய் ஒதுங்கி, அங்கேயே உரசி உரசிக் குடை கிழியும். 1960-களில் ஜெர்மனியில் வுல்ஃப் கிரேவ் என்ற ஆய்வாளர் மிதவை உயிரிகளுக்காக மூலையே இல்லாத ஒரு வட்டத் தொட்டியைச் செய்தார். அதற்கு 'க்ரைசல்' என்று பெயர், ஜெர்மன் மொழியில் பம்பரம். தண்ணீர் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கும், பிராணி அடியில் போய்ப் படியவும் செய்யாது, வடிகட்டியில் போய் ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. இன்று பெரிய காட்சியகங்களில் ஜெல்லி இருப்பது அதன் வழிவந்த தொட்டிகளில்தான். சுழற்சி வேகமானால் காற்றில் மடங்கிய குடைபோல் உடம்பு வெளிப்பக்கமாகப் புரண்டுவிடும், குறைந்தால் அடியில் கிடக்கும்.

காற்றுக் குமிழி ஆபத்து என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மீன் தொட்டிப் பழக்கத்தில் குமிழி விடுகிற ஏர் ஸ்டோன் போட்டால் நல்லதுதானே என்று போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் ஒன்றின் குடைக்குள் குமிழி மாட்டி, அது மேலேயே சாய்ந்து மிதந்தது. குமிழியை எடுத்துவிட்டேன், ஆனால் இரண்டு நாளில் அந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. துடித்துக்கொண்டேதான் இருந்தது, ஒன்பது நாள், ஓட்டை பெரிதாகிக்கொண்டே போக. அதற்கு வலித்ததா என்று நான் எப்படிச் சொல்ல? எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

வண்ண விளக்கைப் பற்றிக் கேட்பீர்கள். நிலா ஜெல்லிக்கு அது தேவையே இல்லை, ஊதாவும் பச்சையும் மாறி மாறி எரிவது நமக்காக. ராத்திரியில் அணைத்துவிடுங்கள். கேசியோபியாவின் கதை வேறு, அதன் உடம்புக்குள் பாசி வாழ்கிறது, அந்தப் பாசி ஒளியில் சமைத்துத் தருவதில்தான் பெரும்பகுதி பிழைக்கிறது, அதனால் பகலில் நல்ல வெளிச்சம் வேண்டும். அலையோட்டமும் அதிகம் கேட்காது. வளர்த்தே தீருவேன் என்கிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ஆயுளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலில் நிலா ஜெல்லி குடை வடிவில் இருப்பது பெரும்பாலும் ஒரு வருடம், சில சமயம் அதற்கும் குறைவு. தொட்டியில் கொஞ்சம் கூடலாம். அதனால் ஒரு வருடம் கழித்துச் செத்தால் உங்கள் மேல்தான் பழி என்று இல்லை. ஆனால் சில மாதத்திலேயே செத்ததற்கும் "அதோட ஆயுசே அவ்வளவுதான்" என்று விற்றவர் என்னிடம் சொன்னார். குமிழி பட்டுச் செத்த அதே ஒன்றைத்தான் சொல்கிறேன்.

வாங்குவதென்றால் கடலில் பிடித்ததா, தொட்டியிலேயே பெருக்கியதா என்று கேளுங்கள். போதும் என்று தோன்றினால் கடலிலோ சாக்கடையிலோ கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். வேறு ஊர்க் கடலின் ஜெல்லி ஒட்டிக்கொண்டு பெருகினால் பிறகு அகற்றவே முடியாது.

என்னிடம் மிஞ்சிய இரண்டும், குமிழி பட்டது போனபின், ஒரு வருடத்துக்கு மேல் இருந்தன. கடைசி ஒன்று போனபின் தொட்டியைக் கழுவ எடுத்தபோது கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளைப் புள்ளிகள். தேய்க்கப் போய் நிறுத்தினேன், லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் குட்டி விரல்கள் அசைந்தன. பாலிப்புகள், அதாவது குடை வடிவம் வருவதற்கு முந்தைய ஜெல்லிக் குட்டிகள்: இரண்டில் ஒன்று ஆண், ஒன்று பெண்ணாக இருந்திருக்க வேண்டும். இந்தப் பருவத்தில் அவை எங்கேயும் நீந்துவதில்லை, ஒட்டிய இடத்திலேயே வருடக்கணக்கில் இருக்கும். ஒரு ஜாடி உப்புத்தண்ணீரும் வாரம் இரண்டு தடவை தீனியும் போதும். தண்ணீரைச் சில வாரம் குளிர வைத்தால் தட்டு தட்டாகப் பிரிந்து குட்டி ஜெல்லிகள் கிளம்பிவிடும். ஜாடி என் மேசையில்தான் இருக்கிறது, இதுவரை குளிர வைக்கவில்லை.