பலகைச் சுவருக்குள் கிடைத்த பிஸ்கட் டின்: ஒட்டிய கடிதங்களை என்ன செய்வது?

சுவருக்குள் கிடைத்த டின்னில் ஒன்றோடொன்று ஒட்டிய பழைய கடிதங்களும் ஜப்பான் நோட்டும் இருந்தன, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கடிதங்களை இப்போது பிரிக்காதீர்கள், டிரையர் வைத்துக் காயவைக்கவும் வேண்டாம். ஒட்டிய கடிதக் கட்டு ஈரமாக இருந்தால் அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டு ஐஸ்பெட்டியின் உறைபகுதியில் வையுங்கள். இரண்டு நாளில் பூஞ்சை கிளம்பிவிடும், உறைய வைத்தால் அது அப்படியே நிற்கும், நிதானமாக யோசிக்கலாம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பழைய கிராணி (தோட்டக் கணக்கர்) வீட்டைப் பழுதுபார்க்கும்போது கிடைத்தது என்றீர்கள். அநேகமாகக் கூரை ஒழுகி, தண்ணீர் பலகையின் உள்பக்கமாக இறங்கியிருக்கும். டின் இருந்த இடத்துக்கு நேர் மேலே ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முதலில் கூரையைச் சரிசெய்யுங்கள். அப்புறம் பலகையைத் தட்டிப் பாருங்கள், உள்ளே பொள்ளலாகக் கேட்டால் கரையான் அரித்திருக்கலாம்.

காய்ந்த கடிதம் என்றால், ஓரத்தில் எழுத்தின் ஒரு புள்ளியை மட்டும் ஈரப் பஞ்சால் ஒற்றுங்கள். மை பஞ்சில் ஏறினால் தண்ணீர், நீராவி எதுவும் ஆகாது, கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். என் தாத்தாவின் டின்னில் நான் அவசரப்பட்டு இழுத்த உறையில் ஊர்ப்பெயர் இருந்த பக்கம் அடுத்த தாளோடு போய்விட்டது, இன்றுவரை அவர் ஊர் தெரியாது.

டின்னில் இருந்த, வாழைமரம் போட்ட பத்து டாலர் நோட்டு ஜப்பான் ஆட்சிக் காலத்தது, 1945க்குப் பிறகு செல்லாக்காசு. வரிசை எண் இல்லாமல் எழுத்து மட்டும் உள்ளது நிறையவே கிடைக்கும், பெரிய விலை போகாது. கடிதங்கள்தான் பொக்கிஷம். 1942, 43இல் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதைக்கு ஆள் பிடித்துப்போன காலத்துக் கடிதமாகவும் இருக்கலாம், உறையில் உள்ள பெயரைக் கோயிலில் பெரியவர்களிடம் காட்டிக் கேளுங்கள்.

பூஞ்சை இருக்கும், முகக்கவசம் போட்டுக்கொண்டு தொடுங்கள்.