வெளிநாட்டுக் குழந்தைகளுக்காகத் தொண்டு செய்ய எங்கே, எப்படிச் செல்லலாம்?

கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, வேலையில் சேர்வதற்கு முன் சில வாரங்கள் நேபாளத்திலோ கம்போடியாவிலோ உள்ள ஆதரவற்றோர் இல்லம் ஒன்றில் தங்கிக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க விரும்புவதாகவும், அதற்கு எந்த நிறுவனத்தை நம்பலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் தமிழ்நாட்டில் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஊதியமில்லா விடுப்பில் நேபாளத்துக்குச் சென்று, சிந்துபால்சோக் மாவட்டத்தின் மலைக் கிராமப் பள்ளி ஒன்றில் பணியாற்றியிருக்கிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டு சொல்கிறேன்: தொண்டு செய்யக் கட்டாயம் செல்லுங்கள், ஆனால் ஆதரவற்றோர் இல்லத்துக்குச் செல்லாதீர்கள்.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நேபாளத்தில் பதிவு பெற்ற குழந்தைகள் இல்லங்களில் மிகப் பெரும்பாலானவை காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், காஸ்கி, சித்வன் ஆகிய, சுற்றுலாப் பயணிகள் அதிகம் வரும் ஐந்து மாவட்டங்களில்தான் இருந்தன என்று யுனிசெஃப் சுட்டிக்காட்டியிருக்கிறது. ஆதரவற்ற குழந்தைகள் நாடு முழுவதும் இருக்கும்போது, இல்லங்கள் மட்டும் விமான நிலையத்துக்கும் விடுதிகளுக்கும் அருகிலேயே முளைப்பானேன்? 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, ஹும்லா போன்ற தொலைதூர மாவட்டங்களுக்குத் தரகர்கள் சென்றார்கள். மாவோயிஸ்டுக் கிளர்ச்சியாளர்கள் பிள்ளைகளைத் தங்கள் படையில் சேர்த்துவிடுவார்களோ என்று அஞ்சிக்கொண்டிருந்த பெற்றோரிடம், தலைநகரில் நல்ல பள்ளியில் சேர்த்துப் படிக்க வைப்பதாக வாக்குக் கொடுத்து, பணமும் வாங்கிக்கொண்டு குழந்தைகளை அழைத்து வந்தார்கள். வந்த இடத்தில், தாயும் தந்தையும் உயிரோடிருக்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இறந்துவிட்டதாகப் போலி ஆவணங்கள் தயாராயின. இல்லத்துக்கு வரும் வெளிநாட்டவரின் நன்கொடைதான் அந்தத் தொழிலின் வருமானம். குழந்தைகள் மெலிந்தும் கந்தல் உடுத்தியும் இருந்தால் நன்கொடை கூடுதலாக வரும் என்பதால், அவர்களை அந்த நிலையிலேயே வைத்திருந்த இல்லங்களும் உண்டு. இதை எழுதும்போதுகூட என் மனம் பதறுகிறது.

கம்போடியாவின் நிலையும் ஏறத்தாழ இதுவே. லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட கெமர் ரூஜ் இயக்கத்தின் ஆட்சி 1979-இல் முடிந்துவிட்டது. அந்தக் கொடுமையில் பெற்றோரை இழந்த குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள். அப்படியிருந்தும் 2005-க்கும் 2010-க்கும் இடையில் அங்கே இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு உயர்ந்தது. அவற்றில் வாழ்ந்த குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடிருந்தார்கள். இவ்வகைக் கடத்தலை நவீன அடிமைமுறையின் ஒரு வடிவமாகக் கருதும் போக்கு, 2018-இல் ஆஸ்திரேலியா சட்டம் இயற்றியபோது அந்நாட்டு விவாதங்களில் வெளிப்படையாகவே இடம்பெற்றது.

நேர்மையாக நடத்தப்படும் இல்லங்களும் இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கின்றன. அங்கேயும் சில வாரங்கள் மட்டும் தங்கும் விருந்தினர் குழந்தைக்கு நல்லது செய்வதில்லை. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் ஆய்வாளர்கள் காப்பகக் குழந்தைகள் 136 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். குடும்பத்தில் வளர்ந்த குழந்தைகள் அறிவுத்திறனிலும், ஒருவரிடம் பாசம் கொண்டு ஒட்டுவதிலும் தெளிவாக முன்னேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குச் சென்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இன்னும் அதிகமாக இருந்தது. இல்லத்துக்குள் நுழைந்த உடனே முன்பின் தெரியாத நம்மீது ஒரு குழந்தை ஓடிவந்து ஏறிக்கொண்டால், எவ்வளவு பாசம் என்று நாம் நெகிழ்ந்துபோகிறோம். நம் பள்ளியில் முதல் வகுப்பில் சேரும் குழந்தை புதியவரைக் கண்டால் அம்மாவின் புடவைக்குப் பின்னால்தான் ஒளிந்துகொள்ளும்; அதுவே இயல்பு. யாரென்று பாராமல் எல்லோரிடமும் ஒட்டிக்கொள்வது, ஒட்டிக்கொள்ள நிலையான ஓர் ஆள் இல்லாததால் வருவது. ஒவ்வொரு மாதமும் ஒரு புது அக்காவோ அண்ணாவோ வந்து கொஞ்சிவிட்டுப் போனால் அந்தக் காயம் ஆறாது.

சரி, எந்த வகைத் தொண்டு பயன்படும்? 2015 ஏப்ரல் 25-ஆம் நாள் நேபாளத்தை 7.8 அளவிலான நிலநடுக்கம் தாக்கியது. நேரம் முற்பகல் 11.56, கிழமை சனி. அங்கே சனிக்கிழமைதான் வார விடுமுறை என்பதால், இடிந்து விழுந்த வகுப்பறைகள் காலியாக இருந்தன. உயிரிழந்த சுமார் 9,000 பேரில் 3,400-க்கும் மேற்பட்டோர் சிந்துபால்சோக் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அதன் பிறகு நேபாள அரசு வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்திவைத்தது; புதிய இல்லங்களுக்குப் பதிவு வழங்குவதையும் நிறுத்தியது; பெற்றோரோ பாதுகாவலரோ உடன் இல்லாமல் குழந்தைகள் மாவட்டம் விட்டு மாவட்டம் செல்வதற்கும் தடை விதித்தது. எத்தனையோ நிவாரணப் பொருள்களைவிட இந்த உத்தரவுகள் குழந்தைகளைத் தரகர்களிடமிருந்து காத்தன என்பது என் உறுதியான எண்ணம்.

நான் சென்ற பள்ளி, மூங்கிலும் தகரமுமாக எழுப்பிய தற்காலிகக் கொட்டகையில் இயங்கியது. மழை பிடித்தால் கூரைச் சத்தத்தில் ஆசிரியரின் குரல் முதல் வரிசைக்குக்கூடக் கேட்காது. மூன்று வகுப்புகள் ஒரே அறையில், ஒரே ஆசிரியர். பெரும்பாலான குழந்தைகள் வீட்டில் பேசுவது தமாங் மொழி. பாடநூல் நேபாளி மொழியில். ஆங்கிலம் கற்பிக்க ஒருவர் வேண்டும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மூன்று வகுப்புகளையும் எப்படி ஒருசேரக் கையாள்வது என்பதுதான் ஆசிரியர்கள் உள்ளூர்த் தொண்டு நிறுவனம் மூலம் கேட்ட உதவி. ஆந்திரத்தின் ரிஷி வேலியில் உருவாகி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, பிறகு தமிழ்நாடு முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், அதாவது குழந்தைகள் அட்டைகளைக் கொண்டு அவரவர் வேகத்தில் கற்கும் முறையில், பழகியவள் நான். எனவே அந்த வேலை எனக்குக் கைவந்தது. கற்றல் அட்டைகளுக்கு அங்கே கடைகளில் கிடைத்த ‘வாய் வாய்’ (Wai Wai) என்ற நூடுல்ஸின் அட்டைப்பெட்டிகளைக் கத்தரித்தோம். படம் வரைந்ததும், எழுதியதும், கற்கும் வரிசையைக் காட்டும் ஏணிப்படியில் எந்த அட்டைக்கு அடுத்து எது என்று முடிவுசெய்ததும் அந்த ஊர் ஆசிரியர்கள்தான். வகுப்பு நடக்கும்போது நான் பின்வரிசையில் பாயில் உட்கார்ந்து கவனித்தேன். பள்ளி விட்ட பிறகு அவர்களோடு பேசினேன். நான் கிளம்பிய பின்னும் அட்டைகளும் அவற்றைக் கையாளத் தெரிந்த ஆசிரியர்களும் அங்கேயே இருந்தார்கள்.

வாழ்நிலை மேம்பாட்டுக்கும் இதே அளவுகோல்தான். கொத்து வேலை தெரியாத பத்துப் பேர் விமானம் ஏறிச் சென்று பள்ளிச் சுவர் எழுப்புவதைவிட, அந்தப் பயணச் செலவை உள்ளூர்க் கொத்தனாருக்குக் கூலியாகக் கொடுத்தால் சுவரும் உறுதியாக நிற்கும், அவர் வீட்டுப் பிள்ளையும் பள்ளிக்குப் போகும்.

முறைப்படி செல்வதென்றால் இரண்டு வழிகளை முதலில் பாருங்கள். 1970-இல் தொடங்கி ஜெர்மனியின் பான் நகரிலிருந்து இயங்கும் ஐ.நா. தன்னார்வலர் திட்டம் ஒன்று. 1958-இல் பிரிட்டனில் தொடங்கிய வி.எஸ்.ஓ. (Voluntary Service Overseas) என்னும் தன்னார்வத் தொண்டு நிறுவனம் மற்றொன்று. இவை படிப்பையும் பணி அனுபவத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுத்து, வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகையும் தருபவை. உங்களிடமே கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்பும் நிறுவனமென்றால், அந்தப் பணத்தில் எவ்வளவு அந்த ஊருக்குப் போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். குழந்தைகளோடு பழக அனுமதிக்கும் முன் காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்காத நிறுவனத்தை அப்போதே விட்டுவிடுங்கள். உங்களிடம் கேட்காதவர்கள் வேறு யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தச் சான்றைக் கடவுச்சீட்டு அலுவலகம் வழியாகவே பெறலாம். அரசுப் பணியில் இருப்போர் தடையின்மைச் சான்றுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். நேபாளத்தில் கல்வியாண்டு ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது. நம் மே மாத விடுமுறையில் அங்கே பள்ளி நடக்கும். ஜூனில் மழை தொடங்கிவிட்டால் மலைச் சாலைகளில் நிலச்சரிவு ஏற்படும்.

நீங்கள் என்ன படித்தீர்கள் என்று குறிப்பிடவில்லை. கணக்கியல் என்றால், சிறு தொண்டு நிறுவனங்களின் கணக்குகளை ஒழுங்குபடுத்தும் வேலையை இங்கிருந்தபடியே ஐ.நா. திட்டத்தின் இணையவழித் தொண்டுப் பிரிவில் தேடலாம். கட்டுமானப் பொறியியல் என்றால், சில ஆண்டுகள் பணி அனுபவம் பெற்றபின் செல்வது நல்லது. ஆசிரியப் பயிற்சி பெற்றவர் என்றால் முதலில் நம்மூர்ப் பள்ளி ஒன்றில் இரண்டு மூன்று வகுப்புகளை ஒன்றாக வைத்துக் கற்பித்துப் பழகுங்கள். படிப்பைக் கருத்துப் பகுதியில் எழுதினால், விண்ணப்பத்தில் எதை முன்னிறுத்தலாம் என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.