உதைத்தே ஜெயித்த அணி

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், அயோவா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். போன் செய்தால் கல்லூரி ஃபுட்பால் பேச்சுதான் (நம்மூர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டம்). 2023 சீசனில் பாயின்ட் எடுக்கவே திணறிய அவர்கள் அணி, 14 ஆட்டங்களில் 10 ஜெயித்ததாம். நம்பலாமா?
– வாசகர் ஒருவர்

பதில்: நம்புங்கள். அந்த சீசனில் பாதி ஆட்டங்களைக் கண்விழித்துப் பார்த்துத் தொலைத்தவன் நான். ஆட்டத்துக்குச் சராசரி 15 பாயின்ட் சொச்சம்தான். ஆனால் எதிராளியையும் எடுக்க விடமாட்டார்கள். ஃபில் பார்க்கர் பழக்கிய தடுப்பாட்டம் அப்படி. நார்த்வெஸ்டர்னை ஜெயித்தது 10-7. நெப்ராஸ்காவை 13-10.

அப்புறம் அந்த உதை. பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். தேறாது என்று பட்டால், நாலாவது முயற்சியில் பந்தை எதிரணி பக்கமே தூர உதைத்துவிடலாம். இதற்குப் பெயர் பண்ட். அயோவாவுக்கு உதைத்தவர் டோரி டெய்லர், மெல்பர்ன்காரர். இரண்டு முனையும் கூம்பிய பந்து அது. அதைக் குட்டிக்கரணம் போடுகிற மாதிரி சுழலவிட்டு உதைப்பார். கீழே விழுந்ததும் ஓடிப்போகாமல், எதிரணியின் கோல் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே துள்ளித் துள்ளி அடங்கிவிடும். அவர்கள் அங்கிருந்து மைதானம் முழுவதையும் கடந்தாக வேண்டும். அந்த சீசனில் 93 உதை, 4,479 யார்டு. ஒரே சீசனில் உதைத்த யார்டுக் கணக்கில் 1938-லிருந்து அசையாமல் நின்ற சாதனை போயிற்று. ஒரு மனிதரை 93 தடவை உதைக்க வைத்த தாக்குதல் ஆட்டத்தின் லட்சணத்தையும் அந்தக் கணக்கிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

தலைமைப் பயிற்சியாளர் கர்க் ஃபெரென்ஸ் 1999-ல் வந்தவர். முதல் வருஷம் ஒரு வெற்றி, பத்துத் தோல்வி. பதறவில்லை, 2002-ல் 11 வெற்றி. பந்தைப் பறிகொடுக்காதே, எதிராளி தப்புப் பண்ணும்வரை பொறுத்திரு என்பதுதான் அவர் வழி. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். பிடிக்காதது, தாக்குதல் ஆட்டத்தைத் தன் மகன் பிரையனிடம் விட்டு வைத்திருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான், ஸ்கோர்போர்டுக்கு அது தெரியுமா? சராசரி 25 பாயின்ட், 7 வெற்றி வேண்டும் என்று மகனின் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். வெற்றி வந்தது, பாயின்ட் வரவில்லை. அக்டோபர் கடைசியிலேயே, 'இந்த சீசனோடு சரி' என்று நிர்வாகம் அறிவித்துவிட்டது.

மகளிடம் மின்னசோட்டா ஆட்டத்தைப் பற்றி மட்டும் ஜாக்கிரதையாகப் பேசுங்கள். 12-10 என்று பின்தங்கியிருந்த கடைசி நிமிடங்களில், எதிரணி உதைத்த பந்தை ஓரக்கோட்டருகே எடுத்து, அயோவாவின் கூப்பர் டிஜீன் கோல் கோடு தாண்டும்வரை ஓடிவிட்டார். அரங்கமே எழுந்து குதித்தது. நடுவர்கள் ரீப்ளே பார்த்தார்கள். பந்தை எடுக்குமுன் அவர் இடது கையை லேசாக ஆட்டியிருந்தார். அப்படி ஆட்டினால், 'பிடிப்பேன், ஓடமாட்டேன்' என்று சைகை காட்டியதாகக் கணக்கு. பாயின்ட் ரத்து, ஆட்டமும் போயிற்று. விதிப்படி சரிதான். இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

தோற்ற நாலில் மற்ற மூன்றும் பூஜ்யம். பென் ஸ்டேட்டிடம் 31-0, மிச்சிகனிடம் 26-0, 2024 புத்தாண்டு அன்று டென்னசியிடம் 35-0. அந்தக் கடைசி ஆட்டத்தையும் எழுந்திருக்காமல் பார்த்தேன். டெய்லர் 1938 சாதனையைத் தாண்டியது அதில்தான்.