முதல் வேலை, தனி அறுவை சிகிச்சை, இரவுப் பணி: யாரிடம் என்ன கேட்பது?

கேள்வி: கால்நடை மருத்துவப் பட்டம் பெற்று, தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. பெண் நாய்களுக்கான கருத்தடை அறுவை சிகிச்சையைப் பெரும்பாலும் தனியாகவே செய்கிறேன். இரவுப் பணியிலும் நான் மட்டும்தான். "சந்தேகம் வந்தால் கேளுங்கள்" என்கிறார் மூத்த மருத்துவர், அழைத்தால் எடுப்பதில்லை. ரத்தக் குழாயில் போட்ட முடிச்சு நழுவியிருக்குமோ என்ற பயத்தில் தூக்கம் வருவதில்லை. சிறப்புப் பயிற்சி வகுப்பில் சேரட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பாடம் உங்களுக்குத் தெரியும். முடிவெடுக்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்க ஓர் ஆள்தான் இல்லை. பட்டம் பெற்றவர் பாதுகாப்பாக வேலையைத் தொடங்கலாம். தேர்ச்சி பெற மேற்பார்வை வேண்டும். பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் ராயல் காலேஜ் ஆஃப் வெட்னரி சர்ஜன்ஸ் 2021-இல் கொண்டுவந்த திட்டப்படி, புதிய பட்டதாரி ஒவ்வொருவருக்கும் பணியிடத்திலேயே பயிற்சி பெற்ற ஆலோசகர் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் அவர் நேரம் ஒதுக்க வேண்டும். ஆகவே தயக்கமில்லாமல் கேளுங்கள்.

ஆனால் "உதவி வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் பழைய பதிலேதான் வரும். வேலைவாரியாகப் பிரித்துக் கேளுங்கள். எந்த வேலையை மூத்தவர் எதிரே நிற்கச் செய்ய வேண்டும், எதை அவர் கட்டடத்துக்குள் இருந்தால் செய்யலாம், எதைத் தனியே செய்யலாம் என்று ஒரு தாளில் எழுதி, அவருடன் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஆண் பூனையின் கருத்தடை மூன்றாம் வகையில் இருக்கலாம். கொழுத்த, மார்புக்கூடு ஆழமான பெண் நாய் இன்னும் முதல் வகைதான். அதில் சினைப்பை உள்ளே தள்ளி இருக்கும். கொழுப்புக்கு மேல் இறுகிய முடிச்சு, ரத்தக் குழாயை முழுமையாக இறுக்காமல் விட்டுவிடும். அத்தகைய சில சிகிச்சைகளில் அவர் கையுறை அணிந்து எதிரே நிற்கட்டும்.

முடிச்சு நழுவினால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே அவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆளைக் கூப்பிட வேண்டும்; கீறலைத் தாராளமாகப் பெரிதாக்க வேண்டும்; குருட்டாம்போக்கில் ரத்தக் குழாயைப் பிடிக்கும் கவ்வியை உள்ளே விடவே கூடாது, பக்கத்தில் சிறுநீர்க்குழாய் இருக்கிறது. வலப்பக்கம் என்றால் முன்சிறுகுடலைத் தூக்கி இடப்புறம் ஒதுக்கினால், அதன் குடல்தாங்கிச் சவ்வே மற்றக் குடல்களைத் தடுத்துப் பிடித்துக்கொள்ளும். சினைப்பையின் அடிக்காம்பு கண்ணுக்குத் தெரியும். இடப்பக்கம் என்றால் இறங்கு பெருங்குடலை வலப்புறம் ஒதுக்குங்கள். இந்த வரிசை மனத்தில் பதிந்துவிட்டால் உங்கள் பயத்தில் பாதி கரைந்துவிடும் என்றே நம்புகிறேன்.

இரவுப் பணிக்கு, அழைத்தால் எடுத்தே தீர வேண்டிய ஒருவரின் பெயர் பணிப்பட்டியலில் எழுத்தில் இருக்க வேண்டும். யோசிக்காமல் அழைக்க வேண்டியவற்றையும் பட்டியலிடுங்கள்: இரைப்பை முறுக்கிக்கொண்டு உப்பிய நாய், சிறுநீர் அடைத்த ஆண் பூனை, சிசேரியன். 'இதற்கெல்லாமா அழைப்பது' என்ற கூச்சத்தை அந்தப் பட்டியல் போக்கிவிடும்.

அறுவை சிகிச்சை முடிந்த நாயை வீட்டுக்கு அனுப்பும் முன் ஈறின் நிறம், நாடித் துடிப்பு, காயம் மூன்றையும் பார்த்து எழுதிவையுங்கள். மறுநாள் காலை வளர்ப்பவரிடம் தொலைபேசியில் விசாரியுங்கள். பெரும்பாலான நாய்கள் நன்றாகவே இருக்கும். அதை நீங்கள் காதால் கேட்பது அவசியம். அப்படியும் தூக்கம் திரும்பாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். நம் தொழிலில் தற்கொலை அதிகம் என்பது பல நாடுகளில் பதிவான உண்மை. இதை நான் ஒப்புக்குச் சொல்லவில்லை.

சிறப்புப் பயிற்சி வகுப்புகளில் சேரப் பின்னால் நேரம் இருக்கிறது. பல் பிடுங்குதலும் அல்ட்ராசவுண்டும் நல்ல தேர்வுகள். உங்கள் மருத்துவமனையில் அதற்கான கருவி இருந்தால் மட்டும் சேருங்கள், இல்லாவிட்டால் கற்றது கையில் தங்காது.

எழுத்தில் கேட்டும் மூத்தவர் அசையவில்லை என்றால் வேறு வேலை தேடுங்கள். இது தோல்வியில் சேராது. அடுத்த நேர்முகத்தில் உரிமையாளர் சொல்வதோடு நிறுத்திவிடாமல், அங்கே கடைசியாகச் சேர்ந்த இளம் மருத்துவரிடம் தனியாகப் பேச அனுமதி கேளுங்கள். "நீங்கள் கடைசியாக இரவில் அழைத்தபோது யார் வந்தார்கள்?" என்று அவரிடம் விசாரியுங்கள்.