போ பாசன் சிறையும் ஆஸ்விகோ கோட்டையும்

கேள்வி: புனித மார்ட்டின் கல்லறைத் தோட்டத்தில் யூதர்களின் கல்லறைகளைக் கண்டேன். போர்க்காலத்தில் ஆங்கிலேயர் அவர்களைப் போ பாசன் சிறையில் அடைத்து வைத்திருந்தார்களாம். அத்தனை பெரிய அமெரிக்கா அவர்களுக்கு ஏன் இடம் தரவில்லை?
– வாசகி, ரோஸ் ஹில்

பதில்: 1940 டிசம்பரில், நாஜிகளிடமிருந்து தப்பி வந்த ஏறத்தாழ 1,580 யூதர்கள், ஆங்கிலேயர் ஆண்ட பாலஸ்தீனத்தின் ஹைஃபா துறைமுகத்திலிருந்து நம் மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஆண்களைச் சிறைக் கொட்டடிகளிலும் பெண்களையும் குழந்தைகளையும் மதிலுக்கு மறுபுறம் தகரக் கொட்டகைகளிலும் வைத்தார்கள். அவர்களுள் இங்கேயே மாண்டவர்களின் கல்லறைகளைத்தான் தாங்கள் கண்டிருக்கிறீர்கள்.

அமெரிக்காவில் 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் உச்சவரம்பு விதித்திருந்தது. ஆஸ்திரியாவையும் சேர்த்து ஜெர்மனிக்கு ஆண்டுக்கு 27,370 பேர். இட்லர் ஆண்ட காலத்தில் பெரும்பாலான ஆண்டுகளில் இந்த வரம்புகூட நிரம்பவில்லை என்பதே என் மனத்தை மிகவும் வருத்துகிறது. அரசுக்குச் சுமையாக மாட்டேன் என்பதை, விண்ணப்பித்தவர் பணவசதியைக் காட்டி மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அவருடைய சொத்தையோ நாஜிகள் முன்பே பறித்துக்கொண்டிருந்தார்கள். வேலையின்மையால் அந்நியர்மீது எழுந்த வெறுப்பும், யூதர்மீது பலருக்கு இருந்த காழ்ப்பும் சட்டம் தளராமல் பார்த்துக்கொண்டன. 20,000 ஜெர்மானியக் குழந்தைகளை அனுமதிக்கக் கோரிய 1939ஆம் ஆண்டு மசோதா நிறைவேறவே இல்லை. அவ்வாண்டு 900க்கும் மேற்பட்ட யூத அகதிகளுடன் வந்த செயின்ட் லூயிஸ் கப்பலைக் கியூபா திருப்பியனுப்பியபோது, மயாமி நகர விளக்குகள் தெரியும் தொலைவுக்கு வந்தும் அது ஐரோப்பாவுக்கே திரும்ப நேர்ந்தது. அப்பயணிகளுள் 254 பேர் பின்னர் உயிரிழந்தார்கள். மறுஆண்டே, அயலுறவுத் துறை உயரதிகாரி பிரெக்கின்ரிட்ஜ் லாங், விசா தருவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும்படி தூதரகங்களுக்கு எவ்வாறு உணர்த்தலாம் என்று குறிப்பெழுதினார்.

ஆயினும் ஏறத்தாழ இரண்டு லட்சம் அகதிகள் அங்கே புகலிடம் பெற்றார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். யூதர்கள் திட்டமிட்டுக் கொல்லப்படுவதை 1942 நவம்பரில் நியூயார்க்கைச் சேர்ந்த ரபை (யூத சமயகுரு) ஸ்டீபன் வைஸ் உலகறியச் சொன்னபின்னும், அரசு தனி அமைப்பொன்றை நிறுவ 1944 ஜனவரி ஆயிற்று. நிதித்துறையில் பணியாற்றிய ஜோசையா டுபோய்ஸ், தம் அரசே இக்கொலைகளுக்கு உடந்தையாயிருக்கிறது என்று அறிக்கை எழுதியும், அமைச்சர் மார்கெந்தாவ் அதை அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் எடுத்துச் சென்றும் வற்புறுத்திய பிறகே போர் அகதிகள் வாரியம் பிறந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டில் 982 அகதிகள் நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்விகோ நகரில் உள்ள ஒன்டாரியோ கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அதிபரின் விருந்தினர் என்று பெயர், சுற்றிலும் முள்வேலி. நம் போ பாசன் கைதிகள் 1945 ஆகஸ்டில் கப்பலேறிவிட்டார்கள். ஆஸ்விகோவில் இருந்தவர்களோ, அமெரிக்க மண்ணில் ஒன்றரை ஆண்டு வாழ்ந்த பின்னும், முறைப்படி 'நுழைவதற்காக' 1946 தொடக்கத்தில் பேருந்துகளில் கனடாவின் நயாகராவுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, கையில் விசாவுடன் திரும்பிவர வேண்டியிருந்தது.